முதற்பலன் கல்

பனச்சக்கோணத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் முகம் தொங்கிவிடும். கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறி, ரப்பர் தோட்டத்து முக்கில் இறங்கி, சானல் கரையோடு நடந்தால் வருகிற ஊர் அது. வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கிறது. எல்லாவற்றிலும் தண்ணீரும் இருக்கிறது. இருந்தும் வாழைக்குப் பின்னால், தொழுவத்துக்குப் பின்னால் என்று ஓலையைச் சாய்த்து மறைத்துக்கொண்டு இன்னொரு கிணறு வெட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், "வேனல்ல வத்திப் போவுதாக்கும்" என்று கூசாமல் சொல்வார்கள். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கேட்கிறவன் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கும்.

செம்மண்ணைத் தாண்டி, வெள்ளைக் களியையும் தாண்டி, இருபது அடிக்கு மேல் போனால் உருண்ட சரள் ஓர் அடுக்காகக் கிடக்கும். அந்தச் சரளில் எப்போதாவது ஒரு வைடூரியம் இருக்கும். தேன் நிறம். வெயிலில் திருப்பினால் நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று நகரும். ஊரில் அதற்குப் பூனைக்கண் என்று பெயர். அதை எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. அனுமதியை யாரிடம் கேட்க வேண்டும் என்றும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் கிணறு வெட்டினார்கள்.

ராஜதாஸ் இருபது வருஷம் மற்றவர்களுடைய இந்தக் "கிணறு"களில் கூலிக்கு இறங்கியவன். வாடகை வீடுகளில் ஏறி இறங்கி, கடைசியில் தகப்பன் வழியில் பதினெட்டு சென்ட் நிலமும் அதில் ஒரு ஓட்டு வீடும் பங்காகக் கிடைத்தபோது, முதல் காரியமாக வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு குழி தொடங்கினான். அவன் கீழே கூந்தாலி போட்டு வெட்டுவான். பக்கத்து வீட்டு மோகனன் மேலே நின்று கப்பியில் மண் நிறைந்த கடவத்தை இழுப்பான். ராஜதாஸின் மனைவி சுகிர்தபாய் அந்தச் சரளைச் சானலுக்குச் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று அரிப்பு என்கிற சல்லடையில் போட்டுக் கழுவுவாள். அரிப்பைச் சுற்றிச் சுற்றி உலுக்கினால் கனமான கல்லெல்லாம் அடியில் நடுவாகப் போய் உட்காரும். பிறகு அதை ஒரு சாக்கின் மேல் ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். இருந்தால் நடுவில், மேலேயே இருக்கும். கவிழ்க்கிற உரிமை குழிக்காரனுக்குத்தான். அவன் கவிழ்த்து விரலால் தடவிப் பார்க்கும்வரை சுற்றி நிற்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது.

இன்னொரு முறையும் உண்டு. ஒரு குழியின் முதல் கல்லை வீட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. மோகனன் வகையறா கோவில் உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். ராஜதாஸைப் போன்ற சபைக்காரர்கள் துணியில் முடிந்து காணிக்கைப் பையில் போடுவார்கள். எவன் போட்டான் என்பது கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ராஜதாஸின் குழியிலிருந்து எட்டு மாதமாக ஒரு கல்லும் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில்தான் பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் அந்த நோட்டீஸை ஒட்டினார்கள். ராஜதாஸின் மகள் ஜின்சி பாறசாலையில் ஒரு அக்ஷயா சென்டரில் வேலை பார்த்தாள். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அவள் நோட்டீஸைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தபாய் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தட்டி, சாளைக் கறியோடு வைத்தாள். மோகனனும் வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

"எடமெல்லாம் கம்பெனி எடுக்கப் போவுதாம் அண்ணே," என்றான் மோகனன். "சர்வே நம்பர் ஒக்க போட்டிருக்கு. ஒனக்கதும் உண்டு, எனக்கதும் உண்டு."

"எடுக்கதுக்கு இல்ல மாமா, தேடிப் பாக்கதுக்காக்கும்," என்றாள் ஜின்சி. "இது எக்ஸ்ப்ளொரேஷன் லைசன்ஸ். எடுக்கணும்னா லீஸ் வேணும். அது வேற."

ராஜதாஸ் கிழங்கை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். "தேடிப் பாத்து, உண்டுண்ணு கண்டா?"

"அப்பறம் லேலம் வைப்பாங்க. கூடுதல் ரூபா கேட்டு லேலத்துல எடுக்கவங்க தோண்டுவாங்க."

"எனக்க மண்ணை லேலத்துல எடுக்கதுக்கு அவன் ஆரு?"

"மண்ணு நமக்குத்தான் அப்பா. மண்ணுக்க உள்ள கெடக்கதுதான்…" ஜின்சி போனைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அது ஆருக்குண்ணு இதுல தெளிவா இல்ல. நஷ்டபரிகாரம் உண்டுண்ணு போட்டிருக்கு. எதுக்க நஷ்டம்ணு போடல்ல."

"செரி, தேடிப் பாத்து இல்லைண்ணு கண்டா?"

"ஒண்ணும் இல்ல. போயிருவாங்க."

ராஜதாஸ் ஒரு துண்டுக் கிழங்கைக் கறியில் முக்கினான். "அப்ப குழியில கல்லு உண்டுண்ணா குழி நமக்கு இல்ல. கல்லு இல்லைண்ணா குழி நமக்கு. கொள்ளாமே!"

"ஒனக்குச் சிரிப்பு," என்றான் மோகனன். "வில்லேஜ் ஆபீஸ்ல கேட்டேன். அவுங்களுக்கு ஒண்ணும் அறிஞ்சூடா, ஜில்லா ஆபீஸ்ல கேளுங்கோண்ணு பறஞ்சாங்க. மெம்பர்ட்ட கேட்டேன். பயப்படாதே, நம்ம வார்டு வராதுண்ணாரு. வந்திருக்கே சாரேண்ணு படத்தைக் காட்டினேன். அப்பப் பயப்படணும்ணாரு."

சுகிர்தபாய் கறிச்சட்டியோடு நின்றாள். "இதுக்க அர்த்தம் என்ன மோளே? நம்மள எறக்கி விடுவாங்களா?"

"எனக்கும் செரியாத் தெரியல்லம்மா," என்றாள் ஜின்சி. ஆயிரம் பேருடைய பேப்பரை வாசித்துச் சொல்கிற பெண், சொந்த வீட்டுப் பேப்பரில் தட்டித் தடவிக்கொண்டிருந்தாள்.

மோகனன் வந்த காரியத்துக்கு வந்தான். நெய்யாற்றின்கரையில் இடம் வாங்குகிற ஆள் ஒருவரைப் பிடித்திருந்தான். திங்கட்கிழமை வந்து எக்ரிமென்ட் எழுதுவார். இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தால் ஒரே துண்டாகப் போகும். கம்பெனி வந்து கொடி குத்திவிட்டால் பிறகு சும்மா கொடுத்தாலும் ஒருத்தன் வாங்க மாட்டான்.

ராஜதாஸ் கையைக் கழுவிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழியின் மேல் சாய்த்த ஓலையில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. "எட்டு மாசமா வெட்டுதேன். ஒண்ணும் இல்ல. வரச்சொல்லு அவரை," என்றான். "அதியன்னூர்ல ஒரு வாடகை வீடு பாக்கலாம்."

வாடகை வீடு என்ற சொல்லைக் கேட்டதும் சுகிர்தபாய் கறிச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஏழு வீடு மாறியவள். ஒரு வீட்டில் வைத்த முருங்கை காய்க்கும்போது அடுத்த வீட்டில் இருப்பாள். இங்கே வந்துதான் நாலு வெண்டையும் இரண்டு கத்திரியும் அவள் கையால் வைத்து அவளே பறித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. இந்த மனுஷனுக்கு எப்படிப் புத்தி சொல்வது, எந்தப் பேப்பரைக் காட்டுவது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது உப்புமாங்காய் ஊறுகிற பரணி ஜாடிக்குப் பின்னால், ஒரு சிறிய டப்பாவுக்குள், நீலக் கரை போட்ட பழைய வேட்டித் துண்டில் முடிந்து கிடந்தது.

பதினொரு வருஷம் முன்னால், ராஜதாஸ் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு காண்டிராக்டர் குழியில் கூலிக்கு இறங்கிக்கொண்டிருந்த காலம். களி அப்பிய அவன் கைலியைத் துவைக்கிற கல்லில் போட்டு உதறியபோது, மடித்துத் தைத்த ஓரத்திலிருந்து அது தெறித்து விழுந்தது. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிது. அவள் மண்ணைத் தேய்த்துவிட்டு வெயிலில் திருப்பினாள். கீற்று நகர்ந்தது. அவனிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எட்டு கிலோமீட்டர் நடந்து காண்டிராக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பான். ராஜதாஸ் அந்த ரகம். கள்ளக் கிணறு வெட்டுவான், கல்லைக் கள்ளத்தனமாய் எடுக்க மாட்டான். ஜின்சிக்கு ஆகட்டும் என்று முடிந்து வைத்தாள். ஒரு வருஷம் பயத்தில் சொல்லவில்லை. அதன் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லாததால் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் துணி எதையும் உதறிப் பார்க்காமல் அவள் தண்ணீரில் முக்கியதில்லை. மறுபடி ஒன்றும் விழவில்லை.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. எக்ரிமென்ட்டுக்கு முன்னால் மிச்சமிருக்கிற சரளைக் கழுவிவிடுவோம் என்று மூன்று பேரும் சானலுக்குப் போனார்கள். கலங்கிய தண்ணீர். சுகிர்தபாய் அரிப்பை உலுக்கினாள். இடது கையில் கல்லை அடக்கிக்கொண்டு உலுக்குவது கஷ்டமாக இருந்தது. ராஜதாஸ் கரையில் சாக்கை விரிக்க, மோகனன் பீடி பற்றவைக்கத் திரும்பியபோது அதை அரிப்புக்குள் விட்டுவிட்டாள். முதல் கல் எப்படியும் காணிக்கைப் பைக்குப் போகும், ஜின்சிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். போகட்டும், வீடு நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கல் சரளோடு சுற்றி அடியில் போனது.

ராஜதாஸ் அரிப்பை வாங்கிச் சாக்கில் கவிழ்த்தான். வாய் திறக்காமல் குனிந்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"தம்புரானே," என்றான் மோகனன். பீடி தண்ணீரில் விழுந்து போயிருந்தது.

ராஜதாஸ் அழுதான். அவன் அழுது சுகிர்தபாய் பார்த்ததில்லை. "இருவது வருஷம் பிள்ளே," என்று அவளிடம் சொன்னான். "இருவது வருஷம் எவனுக்கோ எடுத்துக் குடுத்தேன். இது எனக்க மண்ணு தந்ததாக்கும்." அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மனம் குறுகுறுக்கவும் செய்தது. இரண்டில் எது கூடுதல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்த ஆளை ராஜதாஸும் மோகனனும் திருப்பி அனுப்பினார்கள். அதுவரை எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது.

சபையில் அறுப்பின் பண்டிகை அடுத்த ஞாயிறு. வாழைக்குலை, சேனை, கோழி, மரச்சீனி என்று அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் லேலம். கொடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் லேலம் விளிப்பார்கள். சனிக்கிழமை ராஜதாஸ் கல்லை ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசி போட்டு அதன் மேல் வைத்தான்.

"பையில போடுங்க," என்றாள் சுகிர்தபாய். "எல்லாரும் அப்படித்தானே."

"எல்லாரும் பயந்து போடுதாங்க. நான் என்னத்துக்குப் பயக்கணும்? ஊருக்காரன் வாழைக்குலை கொண்டுவாறான். எனக்க விளைச்சல் இதாக்கும். ஒருநாளு எனக்க பேரைச் சொல்லி விளிக்கட்டு."

"கேட்டியளா, நோட்டீஸ் ஒட்டியிருக்கு. இப்பம் வேண்டாம்."

"கர்த்தருக்குக் குடுக்கதுக்குக் கம்பெனியிட்ட லைசன்ஸ் கேக்கணுமா?"

 அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னும் ஒரு பிடி அரிசி போட்டுக் கல்லைப் பாதி மறைத்தாள்.

லேலத்தில், ஆராதனை நடத்திய அச்சனே கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "பனச்சக்கோணம் ராஜதாஸ், தன்னுடைய நிலத்தின் முதற்பலன்!" என்று மைக்கில் சொன்னபோது ராஜதாஸ் வெள்ளைச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சிரிப்பும் கைதட்டலுமாக முற்றம் அமளிப்பட்டது. நகைக்கடை வைத்திருக்கிற சபைக்காரர் ஒருவர் லேலத்தில் எடுத்தார். பத்துப் பேராவது போனில் படம் பிடித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அது ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. ரதீஷ் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட இளைஞன் கம்பெனியின் ஜியாலஜிஸ்ட். கொல்லத்துக்காரன். கூட இரண்டு பணிக்காரர்கள், கையில் சிவப்புக் கொடிக் கட்டு.

"சேட்டா, பேடிக்கண்டா. ஞான் போலீஸ் அல்லா," என்று மலையாளத்தில் தைரியம் சொன்னவன், இவர்கள் பேசுகிறதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினான். போனை நீட்டினான். அதிலுள்ள படத்தில் அச்சன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். "இது நீங்கதானே? இந்தக் கல்லு உங்க குழியில கெடச்சதா?"

ரதீஷின் முதுகுக்குப் பின்னால், பிலாமரத்தடியில் நின்ற மோகனன் இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினான், கையை ஆட்டினான், கடைசியில் இரண்டையும் சேர்த்து ஆட்டினான். ராஜதாஸ் அதைப் பார்த்தான். கிடைத்தது என்றால் குழி போகும். இல்லை என்றால், சபை முழுவதும் கேட்க, பீடத்துக்கு முன்னால், இன்னொருத்தன் மண்ணில் எடுத்ததைத் தன் முதற்பலன் என்று படைத்தவன் ஆவான். 

"எனக்க குழியில கெடச்சதாக்கும்," என்றான். "இருவத்திரண்டு அடியில."

ரதீஷின் முகம் மலர்ந்தது. குழியை எட்டிப் பார்த்தான், சரளைக் கையில் அள்ளிப் பார்த்தான். ஒரு சின்ன மெஷினை நீட்டி இடத்தைக் குறித்தான். "ரொம்ப நல்ல காரியம் சேட்டா. இங்க ஒரு பாயின்ட் போடுதோம். இனி இந்தக் குழியில நீங்க எறங்கப்பிடாது. கேஸ் ஆயிரும். நாங்க கம்ப்ளெயின்ட் ஒண்ணும் குடுக்க மாட்டோம்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு வருஷம் ஆகலாம். மூணும் ஆகலாம்."

"அப்பறம்?"

"அப்பறம் ரிப்போர்ட் போகும். லேலம் வரும். அது எங்க கையில இல்ல."

"வீடு?"

"வீடு உங்கது தான். பூமியும் உங்கது தான். தொடப்பிடாது, அவ்வளவுதான்."

"தொடாம எப்படி எனக்கதாவும்?" என்று ராஜதாஸ் உண்மையாகவே கேட்டான். ரதீஷ் நல்ல பையன், மெஷினையே ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.  பணிக்காரன் ஒருவன் கொடியைக் கையில் எடுத்தான்.

சுகிர்தபாய் அடுக்களைக்குள் போனாள். பரணியை நகர்த்தினாள். டப்பாவைத் திறந்துகொண்டே வெளியே வந்தாள்.

"சாரே, கொடி குத்தாதீங்க. அந்தக் கல்லு இந்தக் குழியில கெடச்சதில்ல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"பதினொண்ணு வருஷம் முன்ன, வேற எடத்துல கெடச்சது. இவுங்களுக்க கைலியில ஒட்டிக்கிட்டு வந்தது. நான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இவுங்க எடத்தை விக்கப் போனாங்க. எனக்கு வேற வழி தெரியல்ல. நான்தான் அரிப்புல போட்டேன். இன்னா, இந்தத் துணியிலதான் கெட்டி வெச்சிருந்தேன். இந்தக் குழியில ஒண்ணும் இல்ல சாரே. எட்டு மாசமா ஒண்ணும் இல்ல. சத்தியமாக்கும்."

ரதீஷ் துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மரியாதையாகச் சிரித்தான். "சேச்சி, இந்த ரெண்டு வாரத்துல பதினாலு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டுல மருமகளுக்க வீட்டுல இருந்து வந்த கல்லு. ஒரு வீட்டுல காக்கா கொண்டுபோட்ட கல்லு. எங்கயும் குழியில கெடச்ச கல்லு ஒண்ணுகூட இல்ல. உண்மை சொன்னது இந்தச் சேட்டன் ஒருத்தர்தான்."

"நான் பொய் சொல்லல்ல சாரே!" அவள் ராஜதாஸின் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா, நீங்களாவது சொல்லுங்க."

ராஜதாஸின் முகம் கறுத்திருந்தது. "மிண்டாதே," என்று அவள் வாயை அடக்கினான். "குழி போனாப் போவட்டு. கர்த்தருக்குப் படைச்ச பொருளைக் களவு முதலுண்ணு உனக்கு வாய் கூசாமச் சொல்ல முடியுதா?"

"எனக்க பொன்னு மைனி," என்று மோகனன் மெல்லச் சொன்னான், "சொல்லதை நேத்தே யோசிச்சு வெச்சிருந்தா கொஞ்சம் நம்புத மாதிரிச் சொல்லியிருக்கலாம்."

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினொரு வருஷம் சொல்லப் பயந்தது இதைத்தான். சொன்ன பிறகு அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆளில்லை. கொடி குத்தியாயிற்று. குழியைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமான ரிப்பன் கட்டினார்கள். கப்பியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஜின்சி வந்து ரிப்பனைப் பார்த்து, போனில் எதையோ தேடி வாசித்து, எந்தப் படிவத்தில் ஆட்சேபம் போடுவது என்று தெரியாமல் சென்டருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். மழை தூற ஆரம்பித்தது. ராஜதாஸ் மட்டும் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றான். கை போன போக்கில் ஈரக் கொடிக்கம்பைத் தடவிக்கொண்டிருந்தான். சுகிர்தபாய் அருகில் போனாள். டப்பாவை எங்கேயோ வைத்துவிட்டாள். துணி மட்டும் கையில் இருந்தது.

"நனையாதீங்க. வாங்க."

"பிள்ளே," என்றான். கோபம் போயிருந்தது. குரல் இளகியிருந்தது. "அவ்வளவு படிச்ச பயலு, மெஷினை வெச்சுப் பாத்துத்தான் குத்தியிருக்கான். சும்மா குத்துவானா? இன்னும் கெடக்குது உள்ள. எனக்க கை வெட்டினது சரியான எடத்துலதான். எடுக்கப் போறது வேற எவனோ. ஆனாலும் நான் கண்டதாக்கும்."

அவள் ரிப்பனுக்கு மேலாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒருவேளை இருக்குமோ என்று அவளுக்கே தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் எது பொய், எது நிஜம் என்று இருந்த கொஞ்சத் தெளிவும் போயிற்று.

"நீ சொன்னதை நினைச்சு நான் வருத்தப்படல்ல," என்றான் ராஜதாஸ். "எனக்கு வேண்டித்தானே பொய் சொன்னே. ஆனா ஞாயிறாச்ச முட்டுபோட்டு ஒரு ஜெபம் பண்ணிரு. கர்த்தருக்குத் தெரியும், நீ எதுக்குச் சொன்னேண்ணு."

அவன் கையெல்லாம் கொடிக்கம்பின் செங்களி. அவள் கையிலிருந்த நீலக் கரைத் துணியை எடுத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தான்.

"கழுவிப் போடு," என்றுவிட்டு வீட்டுக்குள் போனான்.

சுகிர்தபாய் அதை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். தண்ணீரில் முக்குவதற்கு முன்னால், வழக்கம்போல, ஒருமுறை உதறிப் பார்த்தாள்.